200 வெள்ளியில் எந்தப் பூட்டு? மோட்டார்சைக்கிளைத் திருட்டிலிருந்து காக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் என் அண்ணன் மகன் தன் முதல் மோட்டார்சைக்கிளை வாங்கினான். சிங்கப்பூரில் சிறிய மோட்டார்சைக்கிள்களை ஓட்டுவதற்கான 2பி உரிமம் கைக்கு வந்து ஓராண்டு காத்திருந்து, வண்டி வைத்திருக்கக் கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழில் ஆறு ஆண்டுகள் மீதமிருந்த, கப்சாய் எனப்படும் 150 சிசி சிறு வண்டி ஒன்றைத் தவணையில் எடுத்திருக்கிறான். அவன் என்னிடம் கேட்ட கேள்வி மிக நேரடியானது: “சித்தப்பா, பூட்டுக்கென்று 200 வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். டிஸ்க் பூட்டா, சங்கிலியா, ஜிபிஎஸ் கருவியா? எதை வாங்கினால் பணம் வீணாகாது?” அவனுக்கு ஒரே நாளில் பதில் சொல்ல முடியவில்லை. ஈசூனில் குடியிருந்து, துவாஸில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் முறைமாற்று வேலை பார்த்து, வார இறுதிகளில் கடற்பாலம் கடந்து மலேசியாவின் ஸ்கூடாயிலுள்ள அத்தை வீட்டுக்குப் போய்வரும் ஓர் இளைஞனுக்கு, இந்த மூன்று இடங்களிலும் ஒரே பூட்டு ஒரே அளவு பாதுகாப்பைத் தராது என்பதே அதற்குக் காரணம்.

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொள்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஜோகூர் பாருவில் ஓர் உணவுக்கடையின் எதிரே, சாலையோரத்தில் என் வண்டியை நிறுத்தி, ஹேண்டில் பூட்டை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். முக்கால் மணி நேரத்தில் திரும்பியபோது அந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. காப்புறுதியில் பணம் மிச்சப்படுத்துவதாக எண்ணி மூன்றாம் தரப்பு வகையை மட்டும் எடுத்திருந்ததால் ஒரு வெள்ளிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. கண்ணில் இல்லாத வண்டிக்குப் பதினான்கு மாதம் தவணை கட்டினேன். அந்தப் பதினான்கு மாதங்களை என் அண்ணன் மகன் அனுபவிக்கக் கூடாது.

சிங்கப்பூரில் வண்டி திருடுபோவதன் இழப்பு மற்ற நாடுகளைவிடப் பெரியது என்பதை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டுக்குச் செல்லுபடியாகும் வாகன உரிமைச் சான்றிதழின் விலை மோட்டார்சைக்கிள்களுக்கான ‘டி’ பிரிவில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் 12,000 வெள்ளியைத் தாண்டியது. எல்லைக்கு அப்பால் சில ஆயிரம் ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் அதே கப்சாய் வண்டி, இங்கே பதிவாகும்போது அதன் விலையில் பெரும்பகுதி இரும்புக்கும் இயந்திரத்துக்கும் அல்லாமல் அந்தச் சான்றிதழுக்கே போகிறது. திருடனுக்கோ அந்தச் சான்றிதழால் எந்தப் பயனும் இல்லை. உதிரிபாகங்களாகப் பிரித்து விற்றால் கிடைக்கும் சிறு தொகைதான் அவனுடைய ஆதாயம். அவன் பெறுவதற்கும் நாம் இழப்பதற்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால்தான், பூட்டைப் பற்றி யோசிக்கும்போது காப்புறுதியையும் சேர்த்தே யோசிக்க வேண்டியுள்ளது.

திருட்டு பெரும்பாலும் மூன்று விதமாக நடக்கிறது. உணவு விநியோகம் செய்பவர்கள் அவசரத்தில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மின்தூக்கியில் ஏறும்போது, எதிரில் நிற்பவர் ஏறி ஓட்டிச் சென்றுவிடுவது முதல் வகை. ஹேண்டில் பூட்டை உதைத்து உடைத்து, சாவித் துளையை நெம்பி, வண்டியை உருட்டியோ கிளப்பியோ கொண்டுபோவது இரண்டாவது வகை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போவது மூன்றாவது. கப்சாய் வண்டியின் எடை சுமார் 100 கிலோ என்பதால், பழகிய இரண்டு பேருக்கு இந்த மூன்றாவது வகை ஒரு நிமிட வேலைகூட இல்லை. விற்பனையில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் இந்த மூன்றில் எதைத் தடுக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வண்டியோடு வருவனவற்றைப் பலரும் மதிப்பதில்லை. ஹேண்டில் பூட்டு என்பது உள்ளே நுழையும் ஒரு சிறு எஃகுத் தண்டு. பலமாகத் திருகினால் முறிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் முறிக்க ஒருவர் துணிய வேண்டும், சத்தம் எழ வேண்டும். சாவித் துளையின்மேல் காந்தத்தால் திறக்கும் மூடி நம் பகுதியில் விற்கப்படும் பெரும்பாலான சிறு வண்டிகளில் உண்டு. அதை மூடுவதற்கு ஒரு விநாடிதான் ஆகும், செலவும் கிடையாது. ஆனால் எந்த வாகன நிறுத்துமிடத்திலும் பத்து வண்டிகளைப் பார்த்தால் பாதியில் அது திறந்தே கிடக்கும். ஹோண்டாவின் ‘ஹிஸ்’ போன்ற, சில்லு பொருத்திய சாவியை அடையாளம் கண்டால் மட்டுமே இயந்திரம் இயங்க விடும் அமைப்பும், சாவியைச் சட்டைப்பையில் வைத்தபடியே கிளப்பும் புதிய ஸ்கூட்டர்களின் அமைப்பும் வண்டியை ஓட்டிச் செல்வதைத் தடுப்பதில் மிகச் சிறந்தவை. தூக்கிச் செல்வதை அவை தடுப்பதில்லை. என் அண்ணன் மகனின் வண்டியில் சில்லுச் சாவி கிடையாது. காந்த மூடி மட்டும் உண்டு.

காசு கொடுத்து வாங்குவதில் முதலில் வருவது டிஸ்க் பூட்டு. முன் பிரேக் தட்டின் துளை வழியாக ஒரு தண்டு நுழைந்து பூட்டிக்கொள்வதால் சக்கரம் சுழலாது. எடை ஒரு கிலோவுக்குள் இருக்கும், இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், விலையும் அதிகமில்லை. கடையில் தண்டின் தடிப்பைக் கேட்டு வாங்க வேண்டும்: 6 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் எனப் பல அளவுகள் உண்டு, சிறிய வண்டிகளின் தட்டுத் துளையில் தடித்த தண்டு நுழையாமல் போகலாம் என்பதால் வண்டியோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தே வாங்குவது நல்லது. இதன் உண்மையான ஆபத்து திருடனிடமிருந்து வருவதன்று, உரிமையாளரின் மறதியிலிருந்து வருவது. இரவு வேலை முடிந்த களைப்பில், பூட்டைக் கழற்ற மறந்து வண்டியைக் கிளப்பினால், அரைச் சுற்றிலேயே பூட்டு, தட்டைக் கவ்வும் பிரேக் பிடியில் மோதி நின்று வண்டி கவிழும். தட்டு வளையும், சில நேரம் கையும் முறியும். பூட்டிலிருந்து ஹேண்டில் வரை நீளும் பளிச்சென்ற சுருள் கயிறு சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. அந்தக் கயிறு இல்லாமல் டிஸ்க் பூட்டை யாரும் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சங்கிலியைப் பொறுத்தவரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: தடித்த சங்கிலியே நல்ல சங்கிலி. அது சரிதான். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணிகளை, போல்ட் கட்டர் எனப்படும் நீண்ட பிடியுள்ள வெட்டுக்கருவியால் பலமுள்ள ஒருவர் வெட்டிவிடலாம். 13 மில்லிமீட்டரில் அது மிகக் கடினமாகும். பதப்படுத்திய எஃகில் 16 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கையால் இயக்கும் கருவிகளுக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. சங்கிலி தரையில் கிடந்தால், வெட்டுக்கருவியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி உடல் எடை முழுவதையும் மறு பிடியில் போடலாம் என்பதால், சங்கிலி தரையைத் தொடாமல் தொங்கும்படி பூட்ட வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றுவது எளிது. ஆகவே சங்கிலி பின்சக்கரத்தின் வழியாகவும், முடிந்தால் வண்டியின் சட்டகத்தின் வழியாகவும் போக வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வியைப் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்: சங்கிலியை எதோடு சேர்த்துப் பூட்டுவது? இங்கிலாந்திலோ நெதர்லாந்திலோ இதைப் பற்றி எழுதுபவர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையின் தரையில் சிமெண்டில் பதித்த இரும்பு வளையத்தை மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் மோட்டார்சைக்கிளுக்கான இடம் என்பது வெள்ளைக் கோடு போட்ட சிமெண்டுத் தரை மட்டுமே. அங்கே வளையமும் இல்லை, நாமே துளையிட்டுப் பதிக்கவும் முடியாது. எதோடும் கட்டப்படாத சங்கிலி, சக்கரம் சுழலாமல் தடுப்பதோடு நின்றுவிடுகிறது. அதாவது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள 16 மில்லிமீட்டர் சங்கிலி, அந்த இடத்தில் ஒரு கிலோ டிஸ்க் பூட்டு செய்யும் வேலையைத்தான் பெரும்பாலும் செய்கிறது. எடையை நாள்தோறும் பின்பெட்டியில் சுமந்துகொண்டு துவாஸ் வரை போய்வருபவன் அதற்குரிய பயனைப் பெறுவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: ஒரே வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தாலோ, அதே புளோக்கில் நம்பிக்கைக்குரிய நண்பர் இருந்தாலோ, இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் நிறுத்தி ஒரே சங்கிலியால் பிணைத்துவிடலாம். 200 கிலோவைத் தூக்குவது இரண்டு பேரால் ஆகிற காரியமன்று. என் அண்ணனும் ஒரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறார், ஆனால் தகப்பனும் மகனும் வெவ்வேறு வேலை நேரத்தில் புறப்படுவதால் இந்த வழி அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

மின்கலத்தில் இயங்கும், இரும்பை அறுக்கும் கிரைண்டர் எந்தச் சாதாரணப் பூட்டையும் சில நிமிடங்களில் அறுத்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரைண்டரின் தகட்டையே தேய்த்துவிடும் பூச்சோடு அண்மைய ஆண்டுகளில் சில பூட்டுகள் வந்துள்ளன. அவை நம் 200 வெள்ளி வரம்புக்குள் அடங்குவது கடினம். பூட்டின் அட்டையில் பிரிட்டனின் ‘சோல்ட் செக்யூர்’ தரமோ நெதர்லாந்தின் ‘ஏஆர்டி’ நட்சத்திரங்களோ அச்சிடப்பட்டிருந்தால், விற்பவரின் பேச்சைவிட அதற்கு மதிப்புக் கொடுக்கலாம். நெதர்லாந்தின் தரத்தில் மோட்டார்சைக்கிளுக்கு நான்கு நட்சத்திரங்களாவது இருப்பது நல்லது.

அசைத்தால் அலறும் ஒலியெழுப்பி பொருத்திய டிஸ்க் பூட்டுகள் உபி, காக்கி புக்கிட் கடைகளில் நன்றாக விற்கின்றன. அவற்றின் பயன் முழுவதும், ஒலியைக் கேட்டு யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்பதைப் பொறுத்தது. வீவக வட்டாரத்தில் பார்ப்பார்கள். நடு இரவில் 110 டெசிபல் ஒலி கேட்டால் எதிர்ப் புளோக்கின் சன்னல்களும் திறக்கும். ஆனால் பக்கத்து வண்டியை எடுப்பவர் இடித்தாலும், மேல்தளத்தில் கனரக வாகனம் போய்த் தரை அதிர்ந்தாலும் அது கத்தும். வாரத்துக்கு இருமுறை வீணாகக் கத்தும் பூட்டை அண்டைவீட்டார் பொருட்படுத்த மாட்டார்கள். உரிமையாளரே ஒரு நாள் மின்கலத்தைக் கழற்றிவிடுவார். உணர்திறனைக் குறைக்கும் வசதி உள்ளதை வாங்கினால் மட்டுமே இது பணத்துக்கு உகந்தது.

கண்காணிப்புக் கருவிகளைப் பற்றி இளைஞர்களிடம் பெரும் நம்பிக்கை இருக்கிறது. சிம் அட்டை பொருத்திய ஜிபிஎஸ் கருவி வண்டியின் மின்கலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கப்சாய் வண்டிகளின் மின்கலம் மிகச் சிறியது என்பதால், சில நாள் ஓட்டாமல் நிறுத்தினால் வண்டி கிளம்பாமல் போகக்கூடும். மாதக் கட்டணம் உண்டு. எல்லை தாண்டினால் மலேசியக் கட்டமைப்பிலும் வேலை செய்யும் சிம் அட்டை வேண்டும். கூரைக்கு மேல் கூரையாகச் சிமெண்டுத் தளங்கள் உள்ள நிறுத்துமிடத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது. 2021இல் வந்த ஆப்பிளின் ஏர்டேக் போன்ற சிறு வில்லைகள் இதற்கு மாறானவை: ஒரு நாணயமளவு மின்கலத்தில் ஓராண்டுக்கு அருகில் இயங்கும், மாதக் கட்டணம் இல்லை, அருகில் செல்லும் மற்றவர்களின் கைப்பேசிகள் வழியாகத் தன் இடத்தைத் தெரிவிக்கும். சிங்கப்பூரைப் போன்று நெருக்கமாக மக்கள் வாழும் ஊரில் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒருவரை அவருக்குத் தெரியாமல் பின்தொடர இவை பயன்படக் கூடாது என்பதற்காக, தன்னோடு அந்நிய வில்லை ஒன்று பயணம் செய்கிறது என்று கைப்பேசியே எச்சரித்துவிடும். 2024 மே மாதம் முதல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அந்த எச்சரிக்கை உண்டு. திருடனுக்கும் அதே எச்சரிக்கைதான் போகிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் புதிய சாலைக் கட்டண முறைக்காக மோட்டார்சைக்கிள்களில் பொருத்திவரும் கருவி திருடுபோன வண்டியைக் காட்டிக்கொடுக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது கட்டணத்துக்கான கருவி. உரிமையாளர் கைப்பேசியில் தன் வண்டியைத் தேடிப் பார்ப்பதற்கானதன்று.

எந்தக் கண்காணிப்புக் கருவியும் திருட்டைத் தடுப்பதில்லை; திருடிய பிறகு தேட உதவுகிறது. திரையில் புள்ளி தெரிகிறது என்பதற்காகத் தானே போய் வண்டியை மீட்கப் புறப்படுவது உயிருக்கு ஆபத்தானது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். புள்ளியின் படத்தைக் காவல்துறையிடம் கொடுப்பதோடு உரிமையாளரின் வேலை முடிகிறது.

இனி இடங்களுக்கு வருவோம். 2012இல் தொடங்கி 2016க்குள் ஏறத்தாழ 10,000 வீவக புளோக்குகளிலும் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களிலும் 62,000க்கும் மேற்பட்ட காவல்துறைக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அதன் பிறகும் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே வருகிறது. தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவின்படி மோட்டார் வாகனத் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இங்கே வண்டியைத் தூக்கி வேனில் ஏற்றுபவர் தன் முகத்தையும் வேனின் எண்ணையும் விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். ஆகவே ஈசூனில் எஞ்சியிருக்கும் அபாயம் முதல் இரண்டு வகைகளே: கைக்கு எட்டுவதை எடுத்துப் போகும் திருட்டு, விளையாட்டாக ஓட்டிப் பார்க்கும் விடலைகளின் திருட்டு. அவர்களைத் திருப்பி அனுப்ப டிஸ்க் பூட்டும், வண்டியின் வகையையே மறைத்துவிடும் ஒரு மழை உறையும் போதும். உறை பூட்டன்று, ஆனால் அதை நீக்கிப் பார்க்க ஒருவர் மெனக்கெட வேண்டும். மின்தூக்கிக்கு எதிரே, ஆள்நடமாட்டமுள்ள தளத்தில் இடம் கிடைத்தால், மாதச் சந்தா கட்டும் அதே பணத்தில் மேலும் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. துவாஸ் தொழிற்சாலையில் வாயிற்காவலர் உண்டு. அங்கே ஹேண்டில் பூட்டும் காந்த மூடியுமே போதுமானவை.

கடற்பாலத்துக்கு அப்பால் நிலைமை வேறு. அங்கே நம் சாலைகளில் ஓடும் அதே வகை வண்டிகள்தான் ஓடுகின்றன. யமஹா ஒய்15 போன்றவற்றின் உதிரிபாகங்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. சாலையோரத்தில் நிற்கும் வண்டியைத் தூக்கிச் செல்லும் மூன்றாவது வகைத் திருட்டை அங்கே எதிர்பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். அதனால் கனமான சங்கிலிக்கு உண்மையான வேலை இருப்பது அங்கேதான். அத்தை வீட்டு வாசலில் சிமெண்டில் ஊன்றிய இரும்புக் கதவுத் தூண் இருக்கிறது. சங்கிலியை நாள்தோறும் சுமந்து திரியாமல் அந்தத் தூணிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டால், எடை ஒரு பொருட்டே இல்லை. நகருக்குள் சாப்பிடவோ பொருள் வாங்கவோ போகும்போது, இலவசமாகக் கிடைக்கும் சாலையோரத்தைவிட, ஆள் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கும் கட்டண நிறுத்துமிடம் மேலானது. சில ரிங்கிட் கட்டணம், எந்தப் பூட்டு வாங்குவதைவிடவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நல்ல பாதுகாப்பைத் தருகிறது. நான் அன்று அந்தக் கட்டணத்தைத்தான் மிச்சப்படுத்தினேன்.

காப்புறுதி இந்த 200 வெள்ளிக்கு வெளியே உள்ள செலவு என்றாலும், ஒப்பீட்டில் அதற்கே முதலிடம் தருவேன். சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. நம் வண்டி காணாமற்போனால் அதில் எதுவும் கிடைக்காது. மூன்றாம் தரப்போடு தீயையும் திருட்டையும் சேர்த்த இரண்டாம் வகையும், விபத்தில் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும் முழுமையான வகையும் திருட்டுக்கு ஈடு தருகின்றன. தவணையில் எடுத்த வண்டிக்கு, அதிலும் சான்றிதழில் பல ஆண்டுகள் மீதமுள்ள வண்டிக்கு, இரண்டாம் வகையைவிடக் குறைந்ததை எடுக்கவே கூடாது. சான்றிதழ் முடிய ஓராண்டே உள்ள பழைய வண்டியாக இருந்தால் கணக்கு மாறும், ஏனென்றால் ஈட்டுத்தொகை திருடுபோன நாளின் சந்தை மதிப்புப்படி கணக்கிடப்படுகிறது. ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை அவனோடு உட்கார்ந்து வாசித்தேன்: மேற்கு மலேசியாவில் நடக்கும் திருட்டுக்கும் ஈடு உண்டா, நாமே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, வண்டி முழுவதும் போகாமல் பெட்டியோ கண்ணாடியோ மட்டும் திருடுபோனால் ஈடு உண்டா (பெரும்பாலும் இல்லை), உணவு விநியோகம் போன்ற வேலைக்குப் பயன்படுத்தினால் செல்லுமா. சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்ற நிலையில் ஈடு மறுக்கப்படலாம் என்பதால், தன் கவனமும் காப்புறுதியின் ஒரு பகுதி என்பதை அவன் புரிந்துகொண்டான்.

இறுதியில் நாங்கள் எடுத்த முடிவு இது. காப்புறுதியை மூன்றாம் தரப்பிலிருந்து தீ, திருட்டு வகைக்கு மாற்றினான். 200 வெள்ளியில் பெரும்பகுதி 13 மில்லிமீட்டர் சங்கிலிக்கும் அதற்கேற்ற பூட்டுக்கும் போனது. அது இப்போது ஸ்கூடாயில் அத்தை வீட்டுத் தூணில் தொங்குகிறது. 16 மில்லிமீட்டர் வாங்க ஆசைதான், வரம்பு இடங்கொடுக்கவில்லை. மீதியில் ஒலியெழுப்பி இல்லாத 10 மில்லிமீட்டர் டிஸ்க் பூட்டு, ஆரஞ்சு நிறச் சுருள் கயிறு, சாம்பல் நிற உறை ஆகியவற்றை வாங்கினான். ஜிபிஎஸ் கருவியைத் தவிர்த்தோம். வில்லை ஒன்றை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கி, கண்ணில் படாத இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். இயந்திர எண், சட்டக எண், வண்டியின் நான்கு பக்கப் படங்கள், காப்புறுதி ஒப்பந்தம் எல்லாவற்றையும் அவன் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் சேமித்து வைத்தோம், ஏனென்றால் ஜோகூரில் திருடுபோனால் அங்குள்ள காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்து, அதன் நகலோடுதான் இங்கே காப்புறுதி நிறுவனத்தை அணுக வேண்டியிருக்கும். சங்கிலிப் பூட்டின் மாற்றுச் சாவி அண்ணியின் அலமாரியில் இருக்கிறது.